மண்ணுக்குள் கிடப்பது யாருடையது?

தெருவில் ஒருவருடைய பணப்பை விழுந்து கிடக்கிறது. அதைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேடிக் கொடுக்கவேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயம் இராது. வள்ளுவர் கள்ளாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். பிறர் பொருளை நினைத்தலும் தீது என்பது நம் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் முன்பே ஊட்டப்படும் பாடம். ஆனால் உரியவர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தால்? அவருடைய பெயரையும் இன்று எவரும் அறியாவிட்டால்? அப்பொருள் ஆற்றங்கரை மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைந்து, துருவும் களிம்பும் ஏறிக் கிடந்தால்? அதை எடுத்துக்கொள்வது களவாகுமா, கண்டெடுப்பாகுமா, அல்லது காப்பாற்றுதலாகுமா? இவ்வாண்டு மலருக்கு இந்த ஒரு வினாவையே எடுத்துக்கொள்ள முற்படுகிறோம்.

இந்த வினா உயிருடன் உலவும் இடங்களுள் வட அமெரிக்காவும் ஒன்று. கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும், விடுமுறை நாட்களில் நீண்ட கோலின் நுனியில் வட்டத் தட்டு பொருத்திய ஒரு கருவியை ஏந்தி, காதில் கேட்பொறி அணிந்து, பழைய ஆற்று வழிகளில் நடக்கும் மனிதர்கள் உண்டு. கருவி ஒலித்த இடத்தில் குனிந்து தோண்டுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஆணியும் தகர மூடியுமே. எப்போதேனும் ஒருநாள் ஈயக்குண்டு ஒன்றோ, பித்தளைத் துண்டு ஒன்றோ, துணிப்பொதியில் கோத்த ஈய முத்திரை ஒன்றோ கிடைக்கும். அன்று அவர்களுக்குத் தீபாவளி. அவை தோல் வணிகக் காலத்தின் எச்சங்கள்.

அந்த வணிகத்தின் கதை ஒரு தொப்பியில் தொடங்குகிறது. ஐரோப்பாவின் செல்வர் பல தலைமுறைகளாக ஒருவகைக் கம்பளித் தொப்பியை விரும்பி அணிந்தனர். பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உள்மயிர் நுண்ணிய கொக்கிகள் உடையது. நனைத்து அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழைக்கும் உருக்குலையாத தடித்த துணியாகிவிடும். தம் கண்டத்துப் பீவரை வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்த ஐரோப்பியர், கடல் கடந்து வட அமெரிக்கக் காடுகளை நாடினர். 1670-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாக் கும்பினிக்குச் சாசனம் அளித்தார். அவ்விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் அக்கும்பினிக்கே உரியதென அச்சாசனம் கூறிற்று. அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. 1600-இல் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கும்பினியின் வரலாற்றைப் பள்ளியில் படித்த நமக்கு இந்த நடைமுறை புதியதன்று.

மான்ட்ரியல் நகரத்து வணிகர்களின் வடமேற்குக் கும்பினி இதற்குப் போட்டியாக எழுந்தது. இரண்டும் பல ஆண்டுகள் மோதி, 1821-இல் ஒன்றாயின. அதுவரை மான்ட்ரியலிலிருந்து மரப்பட்டைத் தோணிகளில் சரக்கேற்றிச் சென்றவர்கள், தோணி செல்ல இயலாத இடங்களில் சரக்கைச் சுமந்து நடந்தார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் சுமைவழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். சுமார் 40 கிலோ எடையுள்ள பொதிகள் இரண்டிரண்டாக ஒருவன் முதுகில் ஏறும். போகும்போது பித்தளை அண்டா, இரும்புக் கோடரி, கத்தி, துப்பாக்கி, கண்ணாடி மணி, கம்பளித் துணி, வரும்போது தோல். நாணயப் புழக்கம் இல்லாத அந்நாட்டில், பதப்படுத்திய ஒரு பீவர் தோலே கணக்கின் அலகாயிற்று. பின்னாளில் கும்பினி அந்த அலகின் பெயரால் பித்தளை வில்லைகளும் அடித்தது. ஒன்று, அரை, கால், அரைக்கால் என அவற்றுக்கு மதிப்பு. இன்று சேகரிப்போர் பெரிதும் விரும்பும் பொருள்களுள் அவ்வில்லையும் ஒன்று.

இனி அந்தக் கருவியைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வது நலம். மின்சாரம் மாறி மாறிப் பாயும் கம்பிச்சுருள் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை தமக்கென ஒரு புலத்தை உண்டாக்கி மறுமொழி சொல்கின்றன. அம்மறுமொழியே காதில் ஒலியாகிறது. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881-இல் குண்டடிபட்டுக் கிடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு இருக்குமிடத்தை இத்தகைய கருவியால் தேடிப் பார்த்தார். படுக்கையின் உலோகக் கம்பிச்சுருள்களும் சேர்ந்து குழப்பியதால் முயற்சி தோற்றது. இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் ஒருவர் அமைத்த கருவி, 1942-இல் எல் அலமீன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைக் கண்டு அகற்ற உதவிற்று. உயிர் காக்கப் பிறந்த கருவி, போர் ஓய்ந்த பின் பொழுதுபோக்காயிற்று. நாணய அளவுள்ள பொருளை அது ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் கூடக்குறையவே காட்டும். ஆனால் தோல் வணிகம் நடந்து இருநூறு, முந்நூறு ஆண்டுகளே ஆனமையால், அதன் எச்சங்கள் பலவும் அந்த ஒரு சாணுக்குள்தான் கிடக்கின்றன. வினா கூர்மையடைவது இங்கேதான்.

எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் அவர் தரப்பைக் கேட்பதே அறம். தேடுவோர் சொல்வது இது: இப்பொருள்களுக்கு இன்று உரிமையாளர் எவரும் இல்லை. சுமந்து வந்தவன் மாண்டான், வாங்கியவனும் மாண்டான். 355 ஆண்டுகள் நிலைத்த கும்பினியும் 2025-இல் கடனில் மூழ்கித் தன் கடைகளை எல்லாம் மூடிவிட்டது. மண்ணில் விட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும். ஏர் உழுது உடைக்கும். புதுச் சாலை வந்து விழுங்கும். தொல்லியல் அறிஞர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர், நிலமோ எல்லையற்றது. நாங்கள் தோண்டாவிட்டால் இவற்றை எவர் கண்ணும் காணாது. பலர் விற்பதற்காகத் தேடவில்லை. வரலாற்றின் மீது கொண்ட காதலால் தேடுகிறோம். ஆற்றிலே போகிற தண்ணீரை ஐயா குடித்தால் என்ன, அம்மா குடித்தால் என்ன?

இவ்வாதத்தில் உண்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கையில் ஒரு பழம்பொருளை ஏந்தும்போது உள்ளம் சிலிர்ப்பது இயல்பு. அச்சிலிர்ப்பில் தீமை ஏதுமில்லை. ஆயினும் இவ்வாதத்தை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது சட்டம். அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டாட்சி அரசின் நிலத்திலும் பழங்குடியினரின் நிலத்திலும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டி எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அறியப்பட்ட தொல்லியல் இடம் ஒன்றை உரிமம் இன்றி எவரும் கலைத்தல் ஆகாது. நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. 1972-இல் தொல்பொருள்களுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அமெரிக்காவில் தனியார் நிலத்தில், நில உரிமையாளர் இசைந்தால், தோண்டுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. ஆகவே சட்டம் ஓரளவே வழிகாட்டும். வேலி முடியும் இடத்தில் சட்டம் முடியலாம்; அறம் முடிவதில்லை. அரசுப் பணியில் காலம் கழிக்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும். விதியில் இடம் உண்டு என்பதும், செய்வது சரி என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது உரைகல், உரியவர் எவரும் இல்லை என்னும் கூற்று. கும்பினி மறைந்தது உண்மை. ஆனால் வணிகத்தில் இரு தரப்பினர் உண்டு. கிரீ, ஒஜிப்வே முதலிய மக்கள் இன்றும் அங்கு வாழ்கிறார்கள். பித்தளை அண்டா பழுதானபோது அவர்களுடைய முன்னோர் அதை எறிந்துவிடவில்லை. வெட்டி, சுருட்டி, ஆடையில் கோத்து, நடக்கும்போதும் ஆடும்போதும் கிண்கிணி என ஒலிக்கும் சிறு கூம்புகளாக்கிக் கொண்டனர். கிழக்குக் கரையின் மிக்மாக் மக்கள் செம்பு அண்டாக்களை இறந்தோருடன் புதைத்ததும் உண்டு. கருவி ஒலிக்கும் இடத்தில் கிடப்பது ஒரு கடைச்சரக்கா, ஒரு தாயின் கல்லறையா என்பதைக் கருவி சொல்லாது. அதற்கு இரண்டும் ஒரே ஒலிதான். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, அரசு சார்ந்த நிறுவனங்களும் அரும்பொருளகங்களும் வைத்திருந்த பழங்குடி மக்களின் எலும்புகளையும் அவற்றோடு புதைத்த பொருள்களையும் அவர்களிடமே திருப்பித் தர வழிசெய்தது. உரியவர் இருக்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? கிராண்ட் போர்ட்டேஜ் சுமைவழி 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நினைவிடமானதும், அவ்வூர் ஒஜிப்வே மக்கள் தங்கள் நிலத்தை மனமுவந்து அளித்ததால்தான். சிவன் சொத்து குலநாசம் என்கிறோம். வாய் திறந்து கேட்க இயலாதவருடைய பொருளில் கை வைக்காதே என்பதே அம்மொழியின் உட்பொருள் என நாம் கருதுகிறோம்.

மூன்றாவது உரைகல்லைப் பற்றிச் சொல்ல நமக்குத் தனி உரிமை உண்டு. தனிக் கடனும் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் கீழ்நிலை எழுத்தராகப் பணியில் சேர்ந்த புதிது. பதிவறையில் பழைய கோப்புகளைப் பிரித்து, வைக்கவேண்டியவை, அழிக்கவேண்டியவை என இரு அடுக்காக்கும் வேலை நமக்குத் தரப்பட்டது. அழிக்கவேண்டிய அடுக்கில் ஒரு கோப்பு. அதனுள் ஒரு விண்ணப்பம்; அதனோடு நூலில் கோத்த ஓர் அஞ்சல் உறை; உறையின் மூலையில் அழகிய அஞ்சல் தலை. எம் தமக்கை மகன் அஞ்சல் தலை சேர்ப்பவன். நாளை நெருப்புக்குப் போகும் தாள்தானே என்று எண்ணி, உறையின் மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தோம். வீட்டில் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை உரித்தோம். ஊறிய தாள் குப்பைக்குப் போயிற்று. தலை பையனின் ஏட்டில் ஏறியது. அவன் அன்று துள்ளிக் குதித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஓய்வூதியக் கோப்புகளை அழித்தல் ஆகாது என்று மேலலுவலர் அந்தக் கோப்பை மறுநாளே அடுக்கிலிருந்து எடுத்துவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மூதாட்டி வந்தார். பணியிலிருக்கும்போதே கணவர் இறந்துவிட, அப்போதே குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதியதாகச் சொன்னார். எழுதியது எந்த ஆண்டு என்பதே வழக்கு. நிலுவைத்தொகை அதைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் தேதி இல்லை. வரவுப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. எஞ்சிய சான்று உறையின் மேலிருந்த அஞ்சல் முத்திரை ஒன்றே. உறையை எடுத்துப் பார்த்த அலுவலர் கிழிந்த மூலையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். நாம் வீட்டுக்கு ஓடி ஏட்டைப் பிரித்துப் பார்த்தோம். முத்திரை வட்டத்தின் பாதி தலையின்மேல் இருந்தது. ஊர்ப்பெயரின் சில எழுத்துகளும் நாளும் தெரிந்தன. ஆண்டு, குப்பைக்குப் போன பாதியில் இருந்தது.

அந்த அம்மையாருக்குப் பிற்காலத்துத் தாள் ஒன்றின் தேதியிலிருந்து ஓய்வூதியம் வழங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். அன்று நாம் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சம். அவர் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நமக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். அந்தக் கும்பிடு இருபதாண்டுகளாக நம்மைச் சுடுகிறது.

நாம் எடுத்தது ஒரு செல்லாத அஞ்சல் தலை. எவருக்கும் பயன்படாதது என்று நம்பினோம், எப்படியும் அழியப்போவது என்று நம்பினோம், அன்பினால் எடுத்தோம். தோல் வணிகப் பொருள்களைத் தேடுவோர் கூறும் காரணங்கள் ஒவ்வொன்றும் அன்று நம்மிடம் இருந்தன. தலையை நாம் அழிக்கவுமில்லை. அது பத்திரமாகவே இருக்கிறது. அழிந்தது அது இருந்த இடம். உறையின்மேல் இருந்தவரை அது ஒரு சான்று. ஏட்டுக்கு வந்தபின் வெறும் வண்ணத்தாள்.

மண்ணும் ஒரு கோப்புதான். அடியில் பழைய தாள், மேலே புதிய தாள் என அடுக்கடுக்காகக் கோத்தது. ஈய முத்திரை ஒன்று அடுப்புச் சாம்பலின் அருகே கிடந்தால் அங்கு துணிப்பொதி அவிழ்ந்தது என்று சொல்லும். அதனோடு ஒரு துப்பாக்கிக் குண்டும், கடித்தெறிந்த பீவர் எலும்பும், உடைந்த சுடுமண் புகைக்குழாயும் கிடந்தால், எந்தக் காலத்தில் எவர் அங்கே குளிர்காலத்தைக் கழித்தார், என்ன உண்டார் என்பதுவரை சொல்லும். ஈய முத்திரையை மட்டும் தோண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது அழகாயிருக்கும், பேசாது. கும்பினியின் கணக்கேடுகள் 1994-இல் மானிடோபா மாகாண ஆவணக் காப்பகத்துக்குக் கொடையாக வந்து பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவை கும்பினியின் எழுத்தர்கள் எழுதியவை. எழுதாத மக்களின் சாட்சி பெரும்பாலும் அந்த ஒரு சாண் மண்ணில்தான் இருக்கிறது. அலுவலகக் கோப்பிலாவது பக்க எண் உண்டு; ஒரு தாளை உருவினால் எண் காட்டிக் கொடுத்துவிடும். மண்ணுக்குப் பக்க எண் இல்லை. உருவியது எவருக்கும் தெரியாது. ஆகவே தேடுபவனின் நேர்மை ஒன்றே அதற்குக் காவல்.

அப்படியானால் கருவியை உடைத்தெறிய வேண்டுமா? வேண்டியதில்லை. மொண்டானா மாநிலத்தில், 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த புல்வெளி 1983-இல் தீயில் கருகியது. மறு ஆண்டு தொல்லியல் அறிஞர்கள், இதே பொழுதுபோக்குக்காரர்களைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்கள். கருவி ஒலித்த இடத்தில் அவர்கள் தோண்டிப் பையில் போடவில்லை, கொடி நட்டார்கள். ஒவ்வொரு குண்டும் தோட்டாக் கூடும் கிடந்த இடம் அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்டது. எவர் எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்ற போரின் போக்கையே அப்புள்ளிகள் சொல்லின. சிறுமுரசாய் ஒதுக்கப்பட்டிருந்த பழங்குடி வீரர்களின் வாய்மொழிச் சாட்சிக்கும் அது வலுவூட்டிற்று. அமெரிக்கக் கனடிய எல்லையாறு ஒன்றின் விரைவொழுக்கின் அடியில் 1960-இல் முக்குளிப்போர் கண்டெடுத்த, ஒன்றினுள் ஒன்றாய் அடுக்கிய பித்தளை அண்டாக்களும் அரும்பொருளகத்தாரின் பணிக்கு உதவின. இங்கிலாந்தில் 1997 முதல், கண்டெடுத்ததையும் கண்டெடுத்த இடத்தையும் பொதுமக்கள் தாமே முன்வந்து பதிவு செய்ய ஓர் ஏற்பாடு இருக்கிறது. கை ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். இது என்னுடையது என்னும் எண்ணம் தோண்டுகிறது. இது நான் கண்டது என்னும் எண்ணம் கொடி நடுகிறது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. கண்டெடுத்தவர் உடைமையாளர் அல்லர்; சாட்சி. சாட்சிக்குரிய கடமை, கண்டதைக் கண்டபடி, கண்ட இடத்தோடு, உரியவரிடம் சொல்வது. பொருளின் வாழ்வு எவருடைய வாழ்வோடு பிணைந்திருந்ததோ அவர் வழியினர் முதல் உரியவர். அதிலிருந்து உண்மை அறிய விழையும் பின்வரும் தலைமுறையினர் அடுத்த உரியவர். இவ்விருவரும் நம் முன் வந்து நின்று கேட்பதில்லை. கேளாதவருக்கு உரியதைக் காப்பதுதான் கள்ளாமையின் கடைசிப் படி.

கடல் கடந்த நாட்டின் செய்தி நமக்கு எதற்கு என்று சங்க உறுப்பினர் எவரேனும் கேட்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். ஊரில் பூட்டிய வீடு ஒவ்வொருவருக்கும் உண்டு. அதன் பரணில் பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் கிடக்கும். பாகம் பிரிக்கும் நாளில் அவற்றை எடைக்குப் போடுகிறோம்; பழைய பாத்திரக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துப் போகிறார். அந்தத் தவலையின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் தேதியும் இருக்கும். எவருடைய திருமணத்துக்கு எவர் கொடுத்த சீர் என்று அவ்வெழுத்துகள் சொல்லும். விற்பது நம் உரிமை, தடுப்பார் இல்லை. விற்கும் முன் அந்த எழுத்துகளை ஒரு தாளில் படியெடுத்து, அது எந்த வீட்டில் எந்த அறையில் இருந்தது, அப்பெயர் யாருடையது என்று, சொல்லக்கூடிய ஒரு மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.

எம் தமக்கை மகன் வளர்ந்துவிட்டான், ஏட்டை மறந்துவிட்டான். அந்த அஞ்சல் தலையை நாம் திரும்ப வாங்கி வைத்திருக்கிறோம். அதனடியில் ஒரு தாளில், எங்கிருந்து எடுத்தோம், அதனால் என்ன நேர்ந்தது என்று எழுதி, கையொப்பமிட்டுத் தேதியும் இட்டிருக்கிறோம். அந்த அம்மையாருக்கு அதனால் இனிப் பயனில்லை. ஆயினும் அந்தத் தலை கோப்பிலிருந்து வெளிவந்தபின் முதன்முறையாக ஓர் உண்மையைப் பேசுகிறது.